காய்ச்சல் காலத்தில் நகராட்சி எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? பூட்டிய வீடுகளின் ஊரிலிருந்து

14 அக்டோபர் 2024, காலை 7.10

ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் செட்டிநாட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் பத்து நாட்களுக்குள் நான்கு பேருக்கு டெங்கு என்று உறுதியாகிவிட்டது. கொசுப்புகை அடிக்கும் வண்டி ஒரே ஒரு தடவை வந்துபோனது. 2020-இல் சந்தையை மூடினார்கள், அலுவலகத்தை மூடினார்கள், தெருவை அடைத்தார்கள். இப்போது ஏன் எதையும் மூடவில்லை?"

இந்தப் பகுதியின் நகராட்சி ஒன்றில் சுகாதாரப் பிரிவு எழுத்தராக 29 ஆண்டுகள் இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவள் நான். மூடினால்தான் நடவடிக்கை என்று எண்ணும் பழக்கம் 2020-இலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொரோனா மூச்சுக்காற்றில் பரவியதால் கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ, குடிக்கவும் புழங்கவும் நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் வீட்டுக்குள்ளேயே பிறந்து, பகலில் அந்த வீட்டாரையே கடித்து, பெரும்பாலும் அந்தத் தெருவைத் தாண்டாமலே வாழ்ந்து முடிகிறது. வாரச்சந்தையை நிறுத்தினால் கீரைக்காரியின் ஒரு வாரப் பிழைப்புப் போகுமே தவிர, ஒரு கொசு குறையாது.

நோய்க்கு நோய் மாற வேண்டிய சேவை வேறு. இப்போது மாற வேண்டியவை குழாயில் தண்ணீர் விடும் நேரமும், வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் தினக்கூலிப் பணியாளர்களான மஸ்தூர்கள் உள்ளே போகும் முறையும், காய்ச்சல் கண்ட வீட்டின் செய்தி அலுவலகத்துக்கு வந்து சேரும் வழியுமே ஆகும். புகை அடிப்பதை அடியோடு விட்டுவிடலாம். அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமே நகராட்சிக்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

அதே நாள், இரவு 9.40

காலையில் எழுதியதில் ஒரு பிழை. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தை மாநில அரசுக்குத்தான் கொடுக்கிறது. 2020 மார்ச்சில் தமிழக அரசு கொரோனா ஒழுங்குமுறைகளை வெளியிட்டது அந்தச் சட்டத்தின்படிதான். நகராட்சியின் சுகாதார அலுவலர் அன்றாடம் கையில் எடுக்க வேண்டியது 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். சென்னை மாகாணம் இயற்றிய அந்தச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீரைத் தேங்கவிட்ட இடத்தின் உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். அறிவிப்பை யாருடைய கையில் கொடுப்பது என்பதுதான் நம் ஊர்களில் எழும் கேள்வி. அதை விரிவாக எழுத வேண்டும்.

16 அக்டோபர் 2024, பிற்பகல் 3.25

பூட்டிய வீடுகளைப் பற்றிப் பேசாமல் செட்டிநாட்டு டெங்குவைப் பற்றிப் பேச முடியாது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய வீடுகள் இவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் இவற்றில், வானம் பார்த்த முற்றம் குறைந்தது ஒன்றாவது இருக்கும். கூரையில் விழும் மழை முழுவதும் முற்றத்தில் இறங்கி, மடைவாய் வழியே கிணற்றுக்கோ தெருவின் வடிகாலுக்கோ போய், அங்கிருந்து ஊருணியைச் சேரும்படி கட்டியவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். வீட்டில் ஆள் இருந்து, மடைவாயில் சேரும் சருகை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த வரையில் அந்தக் கணக்குத் தப்பவில்லை. இன்று வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் பொங்கலுக்கும் திறந்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். புரட்டாசியில் பெய்யும் முதல் மழையில் சருகு மடைவாயை அடைத்தால் முற்றம் சிறு குளமாகிறது. தோட்டத்தில் கிடக்கும் ஆட்டுரல், கவிழ்க்காமல் விட்ட கிடாரம், உடைந்த பீங்கான் ஜாடி, தகரப் பீலியின் பள்ளம் என்று தண்ணீர் தங்க இடத்துக்கா பஞ்சம்? முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அந்த வீட்டார் தங்கள் வீட்டுக் குடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

மஸ்தூர் அந்த வாசலில் வந்து நின்று, நோட்டில் "பூட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்? பிழை எங்கள் கணக்கில் இருந்தது. வீட்டுக் குறியீடு என்று ஓர் எண்ணை வாரந்தோறும் மேலே அனுப்புவோம். பார்த்த வீடுகள் நூறு என்றால் எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருந்தது என்பதே அந்த எண். பார்க்காத வீடு கணக்கிலேயே வராது. ஆகவே ஒரு தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து, மீதிப் பாதி துப்புரவாக இருந்தால், எங்கள் தாளில் அது கொசு இல்லாத தெரு. அந்தத் தாளைப் பல ஆண்டுகள் என் கையாலேயே தயாரித்தேன். பூட்டிய வீடுகளுக்கு ஒரு தனிப் பத்தி போட்டிருந்தால், எந்தத் தெருவை நாங்கள் பார்க்கவே இல்லை என்பது அலுவலருக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அந்தப் பத்தியைப் போட யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

17 அக்டோபர் 2024, காலை 6.50

பூச்சியியல் படித்த வாசகர் ஒருவர் புகை பற்றி நான் எழுதியதைத் திருத்தியிருக்கிறார். திருத்தத்தை ஏற்கிறேன். நோய் உறுதியான வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும், நோய்க்கிருமியை ஏற்கனவே சுமந்துகொண்டு பறக்கும் வளர்ந்த கொசுக்களை உடனே கொல்வதற்குப் புகையும் தெளிப்பும் தேவை. ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒண்டியிருப்பதால் வீட்டுக்குள் அடிக்க வேண்டும். சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளுக்கு அது போய்ச் சேராது. புழுவை அது எந்நாளும் கொல்லாது. ஆகவே விடச் சொன்னது தவறு. வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லியிருக்க வேண்டும்.

20 அக்டோபர் 2024, இரவு 8.15

காய்ச்சல் கண்ட வீட்டின் செய்தி வந்து சேரும் வழி மாற வேண்டும் என்றேன். நோயாளியின் முகவரியைச் சரியாக எழுதிக்கொள்ள ஒரு தனிப்பணி எதற்கு என்று கேட்கிறார்கள். 2017-இல் தமிழ்நாடு முழுவதும் டெங்கு கடுமையாக இருந்த அந்த மழைக்காலத்தில், நான் வேலை பார்த்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

பதினோரு வயதுச் சிறுமிக்கு டெங்கு என்று மருத்துவமனையிலிருந்து தாள் வந்தது. அதில் வீட்டுக்காரர் பெயரும் தெருப் பெயரும் இருந்தன. மறுநாள் காலையில் எட்டுப் பேர் அந்தத் தெருவுக்குப் போய், சுற்றியிருந்த வீடுகளில் எல்லாம் தொட்டிகளைப் பார்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றி, புகை அடித்துவிட்டு வந்தார்கள். நான் "முடிந்தது" என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். ஆறு நாள் கழித்து அடுத்த தெருவிலிருந்து மூன்று பேரின் தாள்கள் ஒன்றாக வந்தபோதுதான் நேரில் போய்ப் பார்த்தேன். அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். சிறுமியின் குடும்பம் அங்கே குடியிருந்தது. அவர்களுடைய வாசல் பின்தெருவில் இருந்தது. கதவு எண் வேறு, வார்டும் வேறு. வாடகைக்கு இருக்கும் தாய், ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டபோது, எல்லோருக்கும் தெரிந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேரும் முகப்புத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கொசு பின்தெருவில் இருந்தது.

அந்தச் சிறுமி பிழைத்துக்கொண்டாள். பின்தெருவில் படுத்த மூவரில் ஒருவர் சித்தாள் வேலைக்குப் போகும் பெண். காய்ச்சல் விட்டது, உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி ஐந்தாம் நாள் வேலைக்குப் போயிருக்கிறார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த இரண்டு நாட்களே ஆபத்தானவை. வயிற்றுவலியும் தொடர்ந்த வாந்தியும் வந்த பிறகு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பின்தெருவுக்கு முதல் நாளே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் "முடிந்தது" என்று எழுதிய கை என்னுடையது.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. தாள் வந்தவுடன் அந்தக் குடும்பத்துக்குத் தொலைபேசியில் பேசி, "உங்கள் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது, தண்ணீர் எந்தக் குழாயில் பிடிக்கிறீர்கள், பகலில் நோயாளி எங்கே இருந்தார்" என்று மூன்று கேள்விகள் கேட்பேன். பகலில் கடிக்கும் கொசு என்பதால், பள்ளிக்கூடமோ வேலை செய்யும் இடமோ வீட்டைவிட முக்கியமாக இருக்கலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

21 அக்டோபர் 2024, காலை 10.05

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: காய்ச்சல் முகாமை எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு நடத்துவார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏழரைக்கே போய்விடுவார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் முதியவர்களும் பள்ளிக்குப் போகாத குழந்தைகளும்தான். நோய்க் காலத்தில் முகாமை மாலை ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கூடும் இடத்தில் நடத்த வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை அந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நாளுக்குள் ஒரு வகைப் பரிசோதனை, அதற்குப் பின் வேறு வகை என்பதால், காய்ச்சல் தொடங்கிய தேதியை முகாம் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

23 அக்டோபர் 2024, பிற்பகல் 1.30

குழாயில் தண்ணீர் விடும் நேரம் மாற வேண்டும் என்று முதல் குறிப்பில் சொல்லியிருந்தேன்.

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமை நியாயமானது. நல்ல தண்ணீர் என்பதாலேயே அதைச் சேர்த்து வைக்கவும் செய்வோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு நாளுக்குப் பிடித்து வைப்போம். என்று வரும் என்றே தெரியாவிட்டால் வீட்டில் உள்ள அண்டா, டிரம், வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டு, புதுத் தண்ணீர் வந்தாலும் பழையதைக் கொட்ட மனம் வராமல், அதன் மேலேயே ஊற்றுவோம். அடித்தண்ணீர் எத்தனை வாரம் பழையது என்று யாருக்கும் தெரியாது. கொசுவுக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே டெங்குக் காலத்தில் தண்ணீர்ப் பிரிவு செய்யக்கூடிய பெரிய உதவி, அளவைக் கூட்டாவிட்டாலும், எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதி ஒட்டி, அதைத் தவறாமல் காப்பாற்றுவதாகும். மோட்டார் பழுதென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சுகாதாரப் பிரிவும் தண்ணீர்ப் பிரிவும் எங்கள் அலுவலகத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. டெங்குக் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பிரிவை அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

வாரம் ஒருநாள் பாத்திரங்களைக் காயவைக்கச் சொல்கிறோம். காயவைத்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டவுடன் பொரிக்கும். தேங்காய் நாரை வைத்து உட்புறத்தை அழுந்தத் தேய்க்க வேண்டும். இதை எங்கள் துண்டறிக்கையில் ஒருபோதும் தெளிவாக எழுதவில்லை. "நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும்" என்றுதான் அச்சடித்தோம்.

ஊருணிகளை மூடிவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். மீன் உள்ள திறந்த ஊருணியில் ஏடிஸ் வளர்வதில்லை. சாக்கடையில் வளரும் கொசு வேறு, கிணற்றிலும் மேல்தொட்டியிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் கொசு வேறு. ஊருணியைத் தூர்த்தால் நிலத்தடி நீர் போகும், டெங்கு போகாது.

27 அக்டோபர் 2024, இரவு 10.20

முதல் குறிப்பில் மூடுவதை எதிர்த்து எழுதிய வேகத்தில் 2020-ஐப் பற்றி ஒருதலையாகப் பேசிவிட்டேன்.

அந்த ஆண்டு மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது; 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நான் அப்போது பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் இருந்தேன். பின்னர் ஒருநாள் எங்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால் அலுவலகத்தைப் பூட்டினார்கள். முதல் இரண்டு நாள் பூட்டியது சரி. ஆனால் பதிவு மேசை தொடர்ந்து பன்னிரண்டு நாள் திறக்கப்படவில்லை. இறப்பு நிகழ்ந்த 21 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் பதியலாம். அதற்குப் பிறகு அலைச்சல்தான். இறப்புச் சான்று இல்லாமல் குடும்ப ஓய்வூதியமும் காப்பீட்டுப் பணமும் வராது. கணவரை இழந்த ஓர் ஆச்சி, பேருந்து இல்லாத அந்த நாட்களில், பேரனின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினார் என்பதைக் காவலாளி சொல்லித்தான் அறிந்தேன். நோய் வந்தால் எந்த ஊரிலும் இறப்புப் பதிவு கூடும். அந்த மேசையைத்தான் கடைசியாக மூட வேண்டும், முதலில் திறக்க வேண்டும். நாங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தோம்.

மேசையை வெளித்தாழ்வாரத்துக்கு எடுத்து வந்து, தெருவாரியாக நேரம் கொடுத்து, மனுவை ஒரு தகரப் பெட்டியில் போடச் சொன்னபோது, ஒரு நாளில் முடிந்த வேலை பழைய நாட்களில் முடிந்ததைவிடக் குறையவில்லை. தாழ்வாரம் எப்போதும் அங்கேதான் இருந்தது.

இடம் மாற்றுவதைத்தான் அந்த ஆண்டு பல ஊர்கள் நன்றாகச் செய்தன. திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். பல ஊர்களில், வண்டி ஓடாத பேருந்து நிலையம் காய்கறிச் சந்தையானது. 2021 மே 24-இல் முழு ஊரடங்கு வந்தபோது கடைகளே இல்லாமல், தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து வண்டிகளில் காய்கறியைத் தெருத்தெருவாகக் கொண்டுவந்தன. நிவாரணப் பணத்துக்கு ரேஷன் கடையில் நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்ததால் நெரிசல் குறைந்தது.

இடம் மாற்றுவதற்கும் காலம் உண்டு. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையை 2020 மே 5-இல் மூடி, சில நாளில் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் அங்கே தொற்றிய கூலித் தொழிலாளர்கள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. சந்தையைச் சில வாரம் முன்னதாகவே பிரித்திருந்தால், சுமை தூக்குகிறவர்களுக்குத் தங்க இடமும் சோறும் அங்கேயே கொடுத்திருந்தால், அத்தனை பேர் லாரி ஏறி ஊருக்குப் போயிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

28 அக்டோபர் 2024, காலை 9.00

"அப்படியானால் மூடுவது சில சமயம் சரி என்கிறீர்களா, தவறு என்கிறீர்களா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தால் பரவும் நோயில் கூட்டத்தைப் பிரிப்பது சரி. அதற்கும் மூடுவது ஒன்றே வழியில்லை. 1918-இல் இன்ஃபுளுவென்சா பரவியபோது நியூயார்க் நகரம் பள்ளிகளைத் திறந்தே வைத்து, கடைகளும் அலுவலகங்களும் தொடங்கும், முடியும் நேரங்களை முன்பின்னாக மாற்றி, ரயிலில் ஒரே நேரத்தில் ஏறும் கூட்டத்தைக் குறைக்கப் பார்த்தது. அந்த நகரத்திலும் ஏராளமானோர் இறந்தார்கள், ஆகவே அதுவே மருந்து என்று சொல்லவில்லை. நேரத்தை மாற்றுவதும் நகராட்சி கையில் உள்ள ஒரு கருவி என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

2 நவம்பர் 2024, மாலை 5.45

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த சிங்கப்பூர் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கு கண்ட பகுதிகளில் பதாகை கட்டுகிறது. பத்துக்குக் குறைவான நோயாளிகள் என்றால் மஞ்சள், பத்தோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. வீட்டில் கொசு வளர்த்தால் அபராதம். பூட்டிய வீட்டுக்குக் கடிதம் எழுதியும் பதில் வராவிட்டால், பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது. "நம் ஊரிலும் பூட்டை உடைத்தால் என்ன?" என்பது அவர் கேள்வி.

பதாகை வேண்டும். பெயர் போடாமல், வீட்டைக் காட்டாமல், தெருமுனையில் மட்டும் கட்டலாம். 2020-இல் வீட்டு வாசலில் தகரம் அடித்து ஒட்டிய தாள்கள் எத்தனை குடும்பங்களை ஊராரின் ஏச்சுக்கு ஆளாக்கின என்பதைப் பார்த்தவள் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

பூட்டை உடைப்பதை நான் விரும்பவில்லை. ஒரே வீட்டில் பதினான்கு பங்காளிகள் இருப்பார்கள், வரி ரசீது இறந்துபோன பாட்டனார் பெயரில் இருக்கும், உள்ளே சீதனப் பாத்திரங்கள் அடுக்கிய அறைகள் இருக்கும். உடைத்த பூட்டுக்கும் காணாமல் போன குத்துவிளக்குக்கும் பதில் சொல்லப்போகிறவர் தினக்கூலி மஸ்தூர். சாவி எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே வழி. சாவி பெரும்பாலும் ஊரை விட்டுப் போவதில்லை. வீட்டைப் பெருக்கும் அம்மாளிடமோ, காவல் இருப்பவரிடமோ, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பங்காளி வீட்டு ஆச்சியிடமோ இருக்கும். மழைக்காலத்துக்கு முன், ஆடியிலேயே தெருத்தெருவாகப் போய் ஒரு சாவிப் பதிவேடு எழுதிவிட வேண்டும்.

வெளியூரில் உள்ளவரின் அனுமதியைப் பெறுவது எப்படி என்றால், அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களிலும் புள்ளிக் கணக்கு உண்டு. திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. எந்த நாட்டில் இருந்தாலும் புள்ளி வரி கட்டுகிறவரின் இருப்பிடம் அவர்களுக்குத் தெரியும். நகராட்சி அந்த முகவரிகளைக் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. "மழைக்கு முன் முற்றத்து மடைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள், சாவி வைத்திருப்பவரிடம் எங்கள் ஆட்களைச் சேர்த்து உள்ளே விடச் சொல்லுங்கள்" என்று ஒரு கடிதத்தைக் கோயில் காரியக்காரர்கள் வழியாக அனுப்பச் சொன்னால் போதும். நகராட்சி முத்திரை இட்ட அறிவிப்பைப் பிரித்துப் பார்க்காதவர்களும் கோயில் கடிதத்தைப் படிப்பார்கள்.

9 நவம்பர் 2024, காலை 7.30

1928-இல் நகராட்சியான காரைக்குடி இந்த ஆண்டு மாநகராட்சி ஆகியிருக்கிறது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்திருக்கின்றன. பெரிய அமைப்பானால் நோய்க் காலத்தில் எல்லாம் எளிதாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆகலாம், முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். மறு ஆண்டு ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், நகரத்தின் ஆறு மண்டலங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்குத் தம் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்து, அத்தனை பேரையும் தினமும் அறையை விட்டுத் தெருவில் இறங்கச் செய்தார். 1996-இல் சூரத், சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது தூய்மையான நகரமாக மதிப்பிடப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையை வாங்கக்கூட மூன்று கையெழுத்து வேண்டும். காய்ச்சல் தாள் வந்த அன்றே அந்த வார்டின் சுகாதார ஆய்வாளர், யாரையும் கேட்காமல், நான்கு பேரை அனுப்பவும் ஒரு வண்டியை எடுக்கவும் முடிய வேண்டும். கையெழுத்து மறுநாள் வரட்டும்.

18 நவம்பர் 2024, இரவு 9.10

மஸ்தூர்களைக் குறை சொல்லும் கருத்துகள் கூடிவிட்டன. அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்கள். மழைக்காலம் முடிந்தால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அடுத்த ஆண்டு புதியவர்கள் வருவார்கள். எந்த வீட்டுக்கு எந்தத் தெருவில் பின்வாசல் என்று தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஒரே பெண்ணை ஒரே தெருக்களுக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள். சாவிப் பதிவேடு அவர் மனத்திலேயே இருக்கும். வாசலில் நிற்கும் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, உள்ளே வந்து பாருங்கள் என்று சொல்லும் வீடுகளில்தான் புழு முதலில் கண்டுபிடிக்கப்படுகிறது. நான் அவர்களோடு நடந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன்.

7 ஜனவரி 2025, பிற்பகல் 2.40

முதலில் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். அவர் தெருவில் பூட்டிய வீடுகள் ஒன்பது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்தவர்களிடம் அவரே போய்ப் பேசி, ஆறு வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வாங்கியிருக்கிறார். ஏழாவது வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். மற்ற இரண்டின் சொந்தக்காரர்கள் யாரென்று இன்னும் தெரியவில்லை.

திறந்து பார்த்த ஆறில் இரண்டு வீடுகளில் புழு இருந்தது. ஒன்றில் முற்றத்து மடைவாய் அடைந்து கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மற்றொன்றில் முற்றம் உலர்ந்திருந்தது. பின்கட்டு ஆட்டுரலின் குழியில் இரண்டு கை அளவு தண்ணீர், அவ்வளவுதான். அந்தக் குழிக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், முதலில் காய்ச்சல் கண்ட குழந்தையின் வீடு.

அவருடைய பட்டியலில் வீட்டின் முன்வாசல் தெருவும் பின்வாசல் தெருவும் தனித்தனிப் பத்திகளாக இருக்கின்றன. அந்தப் பட்டியலின் படியைத் தம் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறார். பின்தெருவுக்கு அடுத்த வாரம் நானும் அவரோடு போகிறேன்.